ஒரு ஷோரூமில் வண்டியே இல்லை, அடுத்ததில் நிறுத்த இடமில்லை

கோவை உறுப்பினர்:

2024 ஆடி மாதம். “ஆடியில் யாராவது வண்டி பார்க்கப் போவார்களா?” என்று அம்மா தடுத்தார். விசாரிக்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவிநாசி சாலைக்குப் போனேன். முதல் ஷோரூமில் நான் தேடிய ஏழு பேர் அமரும் வண்டி ஒன்றே ஒன்று நின்றது. அதுவும் ஓட்டிப் பார்ப்பதற்கான டெமோ வண்டி. வெள்ளை நிறம், மேல் வேரியண்ட் என்றதும் விற்பனையாளர் பதிவேட்டைப் புரட்டினார். “தை மாதத்துக்கு முன்னால் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது சார். யோசித்து முன்பணம் கட்டுங்கள்” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சற்றுத் தள்ளி வேறு நிறுவனத்தின் ஷோரூம். நான் கேட்டு முடிப்பதற்குள், “எந்த நிறம் வேண்டும் சார்? நாளைக்கே எடுக்கலாம்” என்று பின்புற யார்டுக்கு அழைத்துப் போனார்கள். கதவைப் பாதிதான் திறக்க முடியும், அவ்வளவு நெருக்கமாக வண்டிகள் நின்றன. கூரையில் வேப்பம்பழங்கள் விழுந்து ஒட்டியிருந்தன. இருக்கையின் பிளாஸ்டிக் உறை மஞ்சள் பூத்திருந்தது. ஸ்டார்ட் செய்யப் பார்த்தார்கள், பேட்டரி இறங்கியிருந்தது. டயரைக் குனிந்து பார்த்தேன்: 4623. அதாவது 2023ஆம் ஆண்டின் 46ஆவது வாரத்தில் செய்த டயர். நான் வாய் திறக்கும் முன்பே 70 ஆயிரம் ரூபாய் தள்ளுபடி என்றார்கள்.

விற்காத வண்டியாக இருந்தால் புரிந்துகொள்வேன். அந்த வண்டியை எங்கள் தெருவிலேயே நான்கு பேர் வைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் இப்படித் தேங்கிக் கிடக்கிறது? உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி உறுப்பினர்:

ஒரு டீலரிடம் பதினோரு ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். மக்கள் விரும்பும் வண்டியா, இல்லையா என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, யார் பணத்தில் அந்த வண்டி நிற்கிறது என்பதில் இருக்கிறது.

தொழிற்சாலை வாசலைத் தாண்டி டீலருக்குக் கிளம்பிவிட்டால், நிறுவனத்தின் கணக்கில் அது விற்ற வண்டி. டீலரின் வங்கிக் கடனிலிருந்து பணம் போய்விடும். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அறுபது நாள் நின்றால் 16,400 ரூபாய் கரைந்துவிடும். அந்த 70 ஆயிரம் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? மாதக் கடைசியில் ஏரியா மேலாளர் போன் செய்வார்: “இன்னும் ஐந்து வண்டி ஏற்றிக்கொள்ளுங்கள், இலக்கு குறைகிறது.” மறுத்தால் அடுத்த மாதம் நன்றாக ஓடும் வேரியண்ட்டில் எங்களுக்கு ஒதுக்கும் எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்ற பயம். எங்கள் முதலாளி தலையாட்டிவிட்டுப் போனை வைப்பார். அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டார்.

2024 செப்டம்பரில் இந்த அழுத்தம் உச்சத்தில் இருந்தது. நாடு முழுவதும் 7.9 லட்சம் வண்டிகள், ஏறத்தாழ 79,000 கோடி ரூபாய் மதிப்பில், 80 முதல் 85 நாள் விற்பனைக்கான இருப்பாகத் தேங்கி நிற்பதாக டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது. 21 நாள் இருப்பு போதும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. செய்தித்தாளில் விற்பனைக் கணக்குப் படிக்கும்போது இதையும் கவனியுங்கள்: உற்பத்தியாளர் சங்கமான சியாம் தருவது டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை, ஃபாடா தருவது ஆர்டிஓ பதிவு. இரண்டுக்கும் இடையிலுள்ள வண்டிகள்தான் நீங்கள் பார்த்த அந்த யார்டில் நிற்பவை.

நீங்கள் பார்த்த முதல் ஷோரூம் மாதிரி வண்டி தேங்காமல் இருப்பதற்கு டொயோட்டா உதாரணம், அவர்கள் வழி வேறு. தேவை எழுந்த பிறகே செய்வது அவர்களுடைய உற்பத்தி முறையை வகுத்த பொறியாளர் தாயிச்சி ஓனோ காலத்திலிருந்து அவர்களுடைய முறை. 2023 மே மாதம் பெங்களூருக்கு அருகே பிடதி தொழிற்சாலையில் மூன்றாவது ஷிப்ட் தொடங்கினார்கள். அப்படியும் இன்னோவா ஹைகிராஸ் வண்டியின் மேல் ஹைபிரிட் (பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த) வேரியண்ட்டுகளுக்கு 2024 ஏப்ரலில் மீண்டும் திறந்த புக்கிங்கை அடுத்த மாதமே நிறுத்தினார்கள். வாங்குபவருக்குக் காத்திருப்பு கசக்கும், ஆனால் டீலர் நிம்மதியாகத் தூங்குவார். மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரில் இந்தியாவில் வேறொரு ஏற்பாடு செய்தது. அங்கே இருப்பு முழுவதும் நிறுவனத்துடையது, டீலருக்குக் கமிஷன் மட்டும். எல்லா நிறுவனங்களும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் வாதாடிக்கொண்டே இருப்பேன்.

ஓசூர் உறுப்பினர்:

பற்றாக்குறை எல்லாமே திட்டமிட்டு வருவதில்லை. நான் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறேன். 2021இல் நாங்கள் செய்த பாகங்கள் பெட்டி பெட்டியாகக் காத்துக்கிடந்தன, எங்கோ ஒரு சிறு மின்னணு சிப் வரவில்லை என்பதற்காக. அந்த அக்டோபரில்தான் மஹிந்திராவின் எக்ஸ்யூவி700க்கு 57 நிமிடத்தில் 25,000 புக்கிங் வந்தது. ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள், கொடுக்கத்தான் வண்டி இல்லை. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் பட்ட பாட்டால் டொயோட்டா சிப்பை மட்டும் மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் செய்திருந்தது. அப்படிப்பட்ட டொயோட்டாவுக்கே 2021 செப்டம்பரில் உலக உற்பத்தியைத் திட்டத்தைவிட 40 சதவீதம் குறைக்க நேர்ந்தது.

கோவை உறுப்பினர்:

திருச்சி அண்ணா, விளக்கத்துக்கு நன்றி. முதல் ஷோரூமிலேயே முன்பணம் கட்டினேன். தை போய் மாசி பிறந்த இரண்டாவது வாரம் அழைத்தார்கள். அம்மா எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில் குனிந்து டயரைப் படித்தேன்: 0325.