அம்மாவுக்கு கீமோ ஆரம்பம்: வீட்டில் யார் எதைப் பார்த்துக்கொள்வது?

நெல்லைத் தங்கம் கேட்டது:
அம்மாவுக்கு 61 வயசு, மார்பகப் புற்றுநோய். 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ, முதல் ஊசி வர்ற திங்கள்கிழமை சென்னையில். ஊசி போட்ட ரெண்டாம் நாளே ஊருக்குக் கூட்டிப்போகணும்னு அப்பா நிக்கிறார். நான் சென்னையில் வேலை, தங்கச்சி கோயம்புத்தூர். அம்மாகிட்ட 'கட்டி'ன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம். எதை முதல்ல தயார் பண்ணணும்?

வார்டு சிஸ்டர்:
முதல்ல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்க. ஊசி போட்ட 7ஆம் நாள்லேருந்து 14ஆம் நாள் வரைக்கும்தான் பெரும்பாலும் தொற்றை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறையும். அந்த நாட்களைக் காலண்டர்ல சிவப்புல வட்டம் போட்டு வைங்க. அம்மா திருநெல்வேலியில் இருக்கப்போறதும் அதே நாட்கள்ல. 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டா ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். விடியட்டும்னு உக்காரக் கூடாது.

வீட்டில் நடக்கிற தப்பு, உடம்பு சுடுதேன்னு உடனே பாரசிட்டமால் குடுக்கிறது. காய்ச்சல் இறங்கிடும், தொற்று உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும். முதல்ல அளந்து குறிச்சு வைச்சு, டாக்டரைக் கேட்டுட்டுக் குடுங்க. காபி குடிச்ச கையோட நாக்குக்கடியில் வைச்சா கூடுதலா காட்டும், அரை மணி நேரம் விடுங்க. அக்குளில் வைச்சா குறைச்சுக் காட்டும்.

ஊருல எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு இப்பவே முடிவு பண்ணி, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸை அப்பா கையில குடுத்து வைங்க. கேஷுவாலிட்டியில் முதல் வார்த்தையே "கீமோ போட்டு பத்து நாள் ஆச்சு, இப்ப காய்ச்சல்"னு இருக்கணும். "காய்ச்சலுக்கு வந்தோம்"னு மட்டும் சொன்னா வரிசையில உக்கார வைச்சிடுவாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறணும்.

சிவப்பு நிறத்துல இருக்கிற கீமோ மருந்து ஏத்தினா ஒண்ணு ரெண்டு நாள் சிறுநீர் சிவப்பாப் போகும், அது ரத்தம் இல்லை. அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வாய்ப்புண்ணுக்கு ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளிச்சுத் துப்பணும். வாந்தி மாத்திரையை வாந்தி வந்தப்புறம் குடுக்கிறதில் பிரயோஜனம் இல்லை, எழுதிக் குடுத்த நேரத்துக்குக் குடுங்க.

கூடுவாஞ்சேரி:
அம்மாகிட்ட மறைக்கிறதைப் பத்தி யாரும் சொல்லலையே. முடி கொட்டும், அதுவும் ரெண்டு மூணு வாரத்துலயே. வார்டு வாசல் போர்டுல புற்றுநோய்ப் பிரிவுன்னு எழுதியிருக்கும், பக்கத்து பெட்டுக்காரம்மா வேற பேச்சு குடுப்பாங்க. இதையெல்லாம் மீறி எத்தனை நாள் மறைப்பீங்க? அதை விடப் பெரிய சிக்கல், 'வெறும் கட்டி'ன்னு நினைக்கிறவங்க சின்னக் காய்ச்சலை வெளியே சொல்ல மாட்டாங்க. பிள்ளைங்களுக்கு எதுக்குச் சிரமம்னு பொறுத்துக்குவாங்க.

எல்லாத்தையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "டாக்டர் சொன்னதுல உனக்கு என்னம்மா புரிஞ்சுது?"ன்னு கேட்டுப் பாருங்க. அவங்க எவ்வளவு கேட்கிறாங்களோ அவ்வளவு சொல்லுங்க. தயங்கினா, "நீங்களே சொல்லிடுங்க, நாங்க பக்கத்துல இருக்கோம்"னு டாக்டர்கிட்டயே கேளுங்க. முதல் ஊசிக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

பிளாட்ஃபார்ம் டிக்கெட்:
ரயிலுக்கு: சிகிச்சைக்குப் போய் வர்ற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூணாம் ஏசி ரெண்டுலயும் டிக்கெட் இலவசம், துணைக்கு வர்றவருக்கு 75 சதவீதம் கழிவு. ஆஸ்பத்திரியில் அதுக்குன்னு சலுகைப் படிவம் இருக்கு, டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கி ரிசர்வேஷன் கவுன்ட்டர்ல குடுக்கணும்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். ரேஷன் கார்டுல அம்மா பேர் இருக்கான்னு பாருங்க. அட்மிஷனுக்கு முன்னாடியே காப்பீட்டு டெஸ்க்கில் அனுமதி வாங்கிடுங்க, கைக்காசைக் கட்டிட்டு அப்புறம் கேட்டா கஷ்டம். பயாப்ஸி ரிப்போர்ட்டோட, பாரஃபின் பிளாக் (பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதிச்சு வைச்சது) எந்த லேப்ல இருக்குன்னும் குறிச்சு வைங்க. ரெண்டாவது அபிப்பிராயத்துக்குப் போனா அதைத்தான் முதல்ல கேட்பாங்க.

நெல்லைத் தங்கம்:
ரொம்ப நன்றி. சொந்தக்காரங்க இப்பவே முள்சீத்தா இலை அனுப்புறாங்க, போன் நிக்கவே மாட்டேங்குது. அப்பாவும் தூங்குறதில்லை.

வார்டு சிஸ்டர்:
இலையை டாக்டரைக் கேட்காம குடுக்காதீங்க. சண்டை வேண்டாம், "ஊசி முடியட்டும் அத்தை"ன்னு வாங்கி வைச்சிடுங்க. போனுக்கு, தங்கச்சி ஒருத்தர் மட்டும் வாட்ஸ்அப்ல வாரம் ரெண்டு தடவை தகவல் போடட்டும், மத்தவங்களை அங்கேயே கேட்கச் சொல்லுங்க. தூரத்துலேருந்து செய்யக்கூடிய வேலை அது.

அப்பாவுக்கு அறிவுரை சொல்றதை விட ஆள் மாத்தி விடுங்க. 7லேருந்து 14ஆம் நாள் வரைக்கும் நீங்களோ தங்கச்சியோ ஊரில் இருந்தா அவர் ராத்திரி தூங்குவார். லீவை ஊசி நாளுக்கே செலவழிச்சிடாதீங்க, அன்னிக்கு வார்டுல நாங்க இருக்கோம். மனசு தாங்கலைன்னா 14416க்குப் பேசலாம், டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. நோயாளிக்கு மட்டும் இல்லை, கூட இருக்கிறவங்களுக்கும்தான். அப்பா கூப்பிட மாட்டார், நீங்க டயல் பண்ணி அவர் கையில குடுங்க.