புயல் நேரத்து ஹாம் வானொலி: இன்னும் உறுத்தும் ஒரு தொடர்பு

தென்றல்_டெக்சாஸ்:
மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவில் கரையேறிய 2017 செப்டம்பர் 20 அன்று காலை, 14.325 மெகாஹெர்ட்ஸில் சூறாவளிக் கண்காணிப்பு வலையை, அதாவது ஹாம்கள் எனப்படும் தன்னார்வ வானொலியாளர்கள் ஒரே அலைவரிசையில் கூடித் தகவல் பகிரும் ஏற்பாட்டை, கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே அரட்டைக்கு இடமில்லை. காற்றின் வேகமும் காற்றழுத்தமும் மட்டுமே வரும், அவை மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்துக்குப் போகும். தீவிலிருந்து ஒருவர், இரைச்சலில் பாதி மூழ்கிய குரலில், தம் அழுத்தமானியின் அளவைச் சொல்லத் தொடங்கினார். ஆன்டெனாவை இசைவிக்கும் ட்யூனரைச் சரிசெய்ய நினைத்து, யோசிக்காமல் ஒலிபரப்புப் பொத்தானான கீயை அழுத்திவிட்டேன்; என் அலை அவர் குரலை மறைத்துவிட்டது. நான்கு நொடிகள் இருக்கலாம். கையை எடுத்தபோது அவர் பேசி முடித்திருந்தார். மீண்டும் சொல்லும்படி கட்டுப்பாட்டு நிலையம் மூன்று முறை கேட்டது, பதில் வரவில்லை.

பழைய_வால்வு, சென்னை:
என்னுடையது புயல் அல்ல, ஆழிப்பேரலை. 2004 டிசம்பரில் இந்திய ஹாம் பாரதி பிரசாத்தின் குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து பேசியபோது, வானொலியில் அரிதாகவே கேட்கும் அந்தமானுடன் தொடர்பு பிடிக்க உலக ஹாம்கள் எல்லாரும் முண்டியடித்தார்கள். 26ஆம் தேதி பேரலை தாக்கிய பின் அதே குழு நிவாரணத் தொடர்புக்கு மாறியது. அந்நாட்களில் என் காதில் விழுந்த ஒரு நலச்செய்தியைக் குறித்துக்கொண்டு, உரிய வீட்டுக்குத் தொலைபேசினேன். மகன் உயிரோடு இருக்கிறார் என்றதும் பெரியவர் முதலில் கேட்டது, "இதுக்கு எவ்வளவு தரணும் தம்பி?" என்பதுதான். என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை.

இருமுனை_40:
இர்மா சூறாவளியின்போது ஃபுளோரிடா முகாம் ஒன்றில் வானொலியோடு இரவு முழுவதும் அமர்ந்திருந்தேன். ஒரு செய்திகூட வரவில்லை. அதைவிட, முதல் நண்பர் தம் தவற்றை மென்மையாகக் கடந்து போவதை என்னால் ஏற்க இயலவில்லை. ட்யூனிங்கை டம்மி லோடில், அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, அலை வெளியே போகாமல் சோதிக்க உதவும் கருவியில், முடித்துவிட்டுத்தான் அலைவரிசைக்கு வர வேண்டும். வலை நடக்கும் இடத்தில் ஒலிபரப்புப் பொத்தானின் பக்கமே கை போகக் கூடாது. புதியவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவாகும் அரை அலை நீளக் கம்பி சுமார் 10 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20 மீட்டர். 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியை மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டினால் அலை மேலே சென்று திரும்பி, அண்டை மாவட்டங்களில் இறங்கும். புயலுக்குத் தேவைப்படுவது அந்தத் தொலைவுதான். 12 வோல்ட் மின்கலத்தை மாதம் ஒருமுறையாவது சுமை கொடுத்துச் சோதியுங்கள்.

தென்றல்_டெக்சாஸ்:
டம்மி லோடு என்னிடமும் இருந்தது ஐயா. மேசைக்கு அடியில், பெட்டி பிரிக்காமல்.