ரங்கூன் டிராஃபிக்ல சிக்கின கதை, உங்களுக்கு எப்படி?

26வது தெரு பையன்
நேத்து தங்கச்சிய ஏர்போர்ட்ல விடலாம்னு பியே ரோட்டுல கெளம்பினோம். லேடான் ஜங்ஷன் தாண்டி அடுத்த சிக்னல்ல சிவப்பு விழுந்துச்சு, விழுந்தது விழுந்ததுதான், முன்னாடி நின்ன டாக்ஸிக்காரர் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு கதவ தெறந்து வச்சு வெத்தல போட ஆரம்பிச்சுட்டாரு. பெட்டிக்குள்ள உக்காந்திருக்க டிராஃபிக் போலீஸ் கையாலதான் லைட்ட மாத்துறாரு, ஒரு பக்கம் வண்டி தீர்ற வரைக்கும் விடுவாரு, அது எங்க தீருது. தங்கச்சி அழாத குறை. எப்படியோ கவுண்டர் மூடுறதுக்குள்ள ஓடிட்டா. லேடான்ல 2013லயே மேம்பாலம் தெறந்தாச்சு, ஆனா பாலத்து மேல பறந்து போயி அடுத்த சிக்னல்ல நிக்கிறோம், அவ்ளோதான் வித்தியாசம். உங்க அனுபவத்தையும் சொல்லுங்க. எனக்கு என்னவோ கார் ஜாஸ்தியானதுதான் ஒரே காரணம்னு தோணுது.

தாம்வே பெரியவர்
தம்பி சொல்றது பாதி சரி. 2011க்கு முன்னாடி இங்க கார் வச்சிருக்கவங்கள விரல் விட்டு எண்ணிடலாம், லொடலொடன்னு ஓடுற பழைய கார் விலைக்கு வீடே வாங்கலாம். அந்த வருஷம் பழைய வண்டிய ஒப்படைச்சா இம்போர்ட் பெர்மிட் தரோம்னாங்க, அப்புறம் ஜப்பான்லருந்து செகண்ட் ஹேண்ட் வண்டி கப்பல் கப்பலா வந்துச்சு. ஆனா ரோடு அதே ரோடு. இன்னொன்னு யாரும் யோசிக்கிறதில்ல, 2003லருந்து டவுனுக்குள்ள மோட்டார் சைக்கிள் கெடையாது. ஏன் தடை பண்ணாங்கன்னு ஆளுக்கொரு கதை சொல்வாங்க, அத விடுங்க. மாண்டலேல பைக்ல போற ஆளு இங்க கார்லயோ பஸ்லயோதான் போயாகணும்.

டாக்ஸி ஓட்டுறவன்
பெரியவர் சொன்னதோட நான் ஒண்ணு சேக்குறேன், கோவிச்சுக்காதீங்க நீளமா போகும். நான் ஓட்டுறது டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார், ஸ்டியரிங் வலது பக்கம். நாட்டுல வண்டி போறதும் வலது பக்கம்தான், 1970 டிசம்பர்லயே மாத்திட்டாங்க. அப்ப என்ன ஆகும், முன்னாடி பஸ் போகுதுன்னு வைங்க, அத ஓவர்டேக் பண்ணணும்னா எதிர்ல என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது, வண்டிய பாதிக்கு மேல வெளிய நீட்டினாத்தான் தெரியும், இல்லேன்னா இடது சீட்ல உக்காந்திருக்க கஸ்டமர் "போலாம்ணே"ன்னு சொல்லணும். ஒரு தடவ ஒரு அம்மா போலாம்னாங்க, எதிர்ல லாரி. பிரேக் போட்டேன், பின்னாடி வந்தவன் பிரேக் போட்டான், அவன் பின்னாடி அத்தன பேரும் போட்டாங்க. ஆக்சிடென்ட் இல்ல, ஆனா ரொம்ப நேரம் அந்த ரோடே நொண்டுச்சு. ஜாம்னா எப்பவும் பெரிய காரணம் இருக்கணும்னு இல்ல தம்பி, இந்த மாதிரி ஒருத்தன் தயங்குறதே போதும். பின்னாடி வந்த சட்டத்துல இடது ஸ்டியரிங் வண்டிதான் எறக்கணும்னு மாத்தினாங்க, ஆனா ஏற்கனவே ஓடுறத என்ன பண்றது.

அப்புறம் பழைய பஸ் நெனப்பு இருக்கா? 2017 ஜனவரிக்கு முன்னாடி, ஒய்பிஎஸ்ங்கிற புது சிட்டி பஸ் சர்வீஸ் வராதப்போ. ஏத்துற ஆளுக்குத் தகுந்த காசுங்கிறதால ஒரு ஸ்டாப்புல வேணும்னே நிப்பான், அடுத்த ஸ்டாப்புக்கு ரேஸ் விடுவான், ஸ்பேயா, அதான் கண்டக்டர், கதவுல தொங்கிக்கிட்டு கத்துவான். அது இப்ப கொறஞ்சிருக்கு, அத ஒத்துக்கணும்.

மியேனிகோன் அக்கா
எங்க பக்கம் காரணமே வேற. ஸ்கூல். ஜூன்ல மழையும் ஸ்கூலும் ஒண்ணா ஆரம்பிக்கும். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு கார், கேட்டு முன்னாடி மூணு வரிசையா நிறுத்தி டிபன் பாக்ஸ் குடுத்து முத்தம் குடுத்து அனுப்புறாங்க. போன வாரம் என் பின்னாடி ஆம்புலன்ஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்குது, முன்னாடி ஒரு அம்மா புள்ளைக்கு தல வாரிக்கிட்டு இருக்கா!! நானும் கொண்டு விடுறவதான், ஆனா அதுக்குன்னு இப்படியா.

லைன்தாயா தம்பி
அக்கா நீங்க டவுன்ல இருக்கீங்க. நான் ஆத்துக்கு அந்தாண்ட, ஃபேக்டரி ஏரியா. ரங்கூனே மூணு பக்கமும் தண்ணி, தெக்கு மூலையில டவுன், சுருக்குப்பை மாதிரி வாய் சின்னது. காலைல ஃபெர்ரி பஸ் (வேலைக்கு ஆள் ஏத்துற கம்பெனி பஸ்), லாரி, கார் எல்லாம் அந்த ஒண்ணு ரெண்டு பாலத்துல வந்துதான் ஆகணும். மழைக்காலத்துல வடிகால் அடைச்சு ரோட்டுல தண்ணி நின்னா ஒரு லேன் போச்சு. கரண்ட் போனா சிக்னலும் போச்சு. பெட்ரோல் கெடைக்காத நாள்ல பங்க் கியூ இன்னொரு லேன தின்னுடும். இதுல கார் மட்டும் காரணம்னு எப்படிணே சொல்றது.

26வது தெரு பையன்
சரி சரி, ஒரே காரணம்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் 😄 ஆனா எங்க தெருவுக்கு வந்து பாருங்க, ரெண்டு பக்கமும் பார்க்கிங், நடுவுல ஒரு வண்டி போற அளவுதான் எடம். எதிர்ல சைக்கா (மூணு சக்கர சைக்கிள் ரிக்‌ஷா) வந்தா யாராவது ரிவர்ஸ் எடுக்கணும், யாரு எடுக்குறதுன்னு பஞ்சாயத்து. வெள்ளைக்காரன் காலத்துல போட்ட தெரு, அப்ப காருக்கா போட்டான்?

டாக்ஸி ஓட்டுறவன்
சர்க்குலர் டிரெயின்ல போலாம்ல தம்பி, 46 கிலோமீட்டர் ஊரையே சுத்துது, டிக்கெட்டும் சல்லிசு.

மியேனிகோன் அக்கா
சுத்துதுண்ணே, ஆனா பொறுமையா சுத்துது. அதுக்கு கேட்டு போட்டா அந்த ரோடும் நிக்கும். வெள்ளிக்கிழம அனோரதா ரோட்டு காளியம்மன் கோயிலுக்கு வரணும், கார எங்க நிறுத்துறது?

26வது தெரு பையன்
கார கொண்டு வராதீங்கக்கா. சூலேல பஸ்ஸ விட்டு எறங்கி நடந்துடுங்க, நீங்க பார்க்கிங் தேடி முடிக்கிறதுக்குள்ள அர்ச்சன முடிஞ்சிருக்கும்.