பயோகம்பாட்டிபிலிட்டி: வேர்க்குழாய்ச் சிகிச்சைப் பாடத்துக்கு எந்தச் சொல்?

> "பயோகம்பாட்டிபிலிட்டி"க்கு "நச்சின்மை" என்றும், "சீலர்"க்கு "அடைப்பான்" என்றும் போட்டிருக்கிறேன். சரிதானா?

ஐயா, வணக்கம். இரண்டையுமே மாற்றினால் நல்லது.

சீலர் சுலபம். பல்வேருக்குள் இருக்கும் குழாயின் பெரும்பகுதியை நிரப்புவது கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளாலான குச்சி. அதற்கும் டென்டீன் (பல்லின் உட்பகுதிக் கடினத் திசு) சுவருக்கும் நடுவில் விடுபடும் சந்திலும், கிளைக்குழாய்களிலும் போய் உட்காருவது சீலர். அதன் படலம் 50 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்கிறது சீலருக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 6876. அடைப்பான் என்றால் தக்கைதான் நினைவுக்கு வரும். மாணவர் அதைக் கட்டாபெர்ச்சா என்றே எடுத்துக்கொள்வார். "இடைப்பசை" என்று வைக்கலாம்.

நச்சின்மைதான் பெரிய சிக்கல். குழைத்த புதிதில் அநேகமாக எல்லா இடைப்பசையும் செல்லைக் கொல்லும். துத்தநாக ஆக்சைடு-யூஜினால் பசை இறுகிய பிறகும் ஈரம் பட்டால் யூஜினாலைக் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) கசியவிடும். ஏஎச் 26 என்ற எபாக்சி பசை இறுகும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வெளியாகும். பின்னால் வந்த ஏஎச் பிளஸில் கடினமாக்கியை மாற்றியதால் அது மிகச் சொற்பம். இறுகிவிட்டால் திசு பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். கால்சியம் சிலிகேட் பசையின் பிஎச் 12-ஐ ஒட்டி இருக்கும், அதாவது கடும் காரம். தொட்ட இடத்துச் செல்கள் அழியத்தான் செய்யும். ஆனால் அதிலிருந்து வரும் கால்சியம் திசுநீரின் ஃபாஸ்பேட்டோடு சேர்ந்து அபடைட் (எலும்பில் உள்ளது போன்ற கனிமம்) படலமாகப் படிகிறது, அதன்மேல் திசு ஆறுகிறது. நச்சின்மையை அளவுகோலாக வைத்தால் இந்த நல்ல பொருளே தேறாது.

மருத்துவப் பொருள் அறிஞர் வில்லியம்ஸ் 1987-இல் தொகுத்த பயோகம்பாட்டிபிலிட்டி வரையறையைப் பாருங்கள்: குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில், உடலிடம் தகுந்த எதிர்வினையைப் பெற்று வேலை செய்யும் திறன். பயன்பாடு, எதிர்வினை இரண்டும் அதில் உண்டு. நச்சு என்ற பேச்சே இல்லை.

சோதனைகளும் அப்படித்தான் பிரிகின்றன. ஐஎஸ்ஓ 10993-5 முறையில் பசையின் சாற்றை வளர்ப்புச் செல்கள்மேல் விடுவார்கள். பிழைப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு. இதற்குச் "செல்நச்சுமை" என்ற தனிச் சொல் போதும். அடுத்தது எலியின் முதுகுத் தோலடியில் பாலிஎத்திலீன் குழலில் பசையை வைத்துப் புதைப்பது. 7, 30, 90 நாள் போல இடைவெளி விட்டு எடுத்து, குழல்வாயில் பசை தொட்ட திசுவைச் சீவிப் பார்ப்பார்கள். 7-ஆம் நாள் அழற்சிச் செல்கள் மொய்த்திருக்கும், அது இயல்பு. 90-ஆம் நாள் மெல்லிய நார்ப்படலம் மட்டும் இருந்தால் உடல் ஏற்றுக்கொண்டது என்று பொருள். அப்போதும் அழற்சி தணியாவிட்டால் அந்தப் பசை ஆகாது.

> அப்படியானால் "திசு இணக்கம்"? அல்லது "உயிரி இணக்கம்"?

திசு இணக்கம் என்றால் உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் கொடுப்பவர், பெறுபவர் பொருத்தம் என்று படிப்பார்கள். "உயிரி" என்றதும் பல் மருத்துவ மாணவருக்கு நுண்ணுயிரிதான் தோன்றும். குழாயில் மிஞ்சிய பாக்டீரியாவோடு பசை இணங்கிப்போனால் சிகிச்சையே தோற்றது! "உயிர் இணக்கம்" என்று வைப்போம். அபடைட் படிவதைக் குறிக்க "உயிர்வினைத்திறன்" தனியாக இருக்கட்டும்.

பாடத்தில் இடத்தைப் பற்றியும் ஒரு பத்தி சேருங்கள். குழாய்க்குள் இணக்கமான பசை வேர்நுனி தாண்டினால் அப்படி இருக்காது. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேருக்கடியில் நரம்புக் கால்வாய் ஓடுகிறது. பாராஃபார்மால்டிஹைடு கலந்த பசை அங்கே இறங்கினால் உதடு நிரந்தரமாக மரத்துப்போகலாம். எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. முன்பாகவே நிறுத்த வேண்டும். பசையைக் குச்சியில் மெல்லிசாகப் பூசினால் போதும். காகித முனையால் ஈரத்தை ஒற்றி எடுக்கலாம். ஆனால் கால்சியம் சிலிகேட் இறுகுவதற்கே டென்டீனின் ஈரம் தேவை. ஆல்கஹால் விட்டு வறட்டினால் அது சரியாக இறுகாமல், கரைந்துகொண்டே இருக்கும்.

> நுனி தாண்டுவதற்கு "மிகைநிரப்பு" சரியா?

பாதிதான் சரி. குழாய் முழுதும் நெருக்கமாக நிரம்பி, மிச்சம் கொஞ்சம் வெளியே தள்ளினால் மிகைநிரப்பு. நுனியில் அடைப்பு சரியாகப் பொருந்தாமலே குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது "நுனிதாண்டல்". அங்கே எரிச்சலோடு கசிவும் உண்டு, வேர்நுனிப் புண் ஆறாது. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு போடுங்கள்.