வேப்பமரத்தடியில் ஹாலோ பிளாக் பெஞ்சு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அம்மாவுக்கு அதன் நிழல்தான். வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளுத்துக் கால் விரிந்து போனதால், ஹாலோ பிளாக்கில், அதாவது உள்ளே துளையுள்ள சிமென்ட் கல்லில், நானே பெஞ்சு போட இறங்கியிருக்கிறேன்.

16-க்கு 8-க்கு 8 அங்குலக் கல். அடியில் ஒன்று, அதன்மேல் துளை பக்கவாட்டில் பார்க்கும்படி சாய்த்து இன்னொன்று. பெஞ்சின் இரண்டு முனையிலும் துளைகள் எதிரெதிராக வரும்படி இப்படி வைத்து, துளைக்கு இரண்டு சவுக்குக் கட்டை நுழைத்துப் பார்த்தேன். உட்காரும் உயரம் 12 அங்குலம்தான் வந்தது. முட்டிவலியோடு அம்மா எழுந்திருக்கவே முடியவில்லை, கையைப் பிடித்துத் தூக்கினேன். இன்னொரு வரிசை சேர்த்தால் 20 ஆகி, கால் தரையில் படாது. நடுவில் 4 அங்குல சாலிட் பிளாக்கை (துளையில்லாத கல்) படுக்கப் போட்டால் 16 வரும், சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனிமேல்தான் உங்கள் உதவி வேண்டும். கல்லுக்குக் கல் சிமென்ட் கலவை போதுமா, நடுவில் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்ப வேண்டுமா? மண் தரை, மழையில் இளகும். அடியில் ஜல்லி எவ்வளவு கனம் போட்டு இடிப்பது? சவுக்கு வெயிலில் வெடிக்கிறதே, என்ன எண்ணெய் பூசுகிறீர்கள்? அப்புறம், துளைக்குள் தேள் அடையும் என்று அம்மா பயப்படுகிறார். கட்டையைச் சுற்றிக் கலவை வைத்து அடைத்துவிட்டால், பிறகு கட்டை மாற்ற முடியுமா?

செய்து பார்த்தவர்கள் படம் இருந்தாலும் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பிக்கிறேன்.