சென்னை - ஆக்லாந்து: மொத்தம் எத்தனை மணி நேரம்?

நெல்லைப்பொண்ணு: அவசரம். சென்னையிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு எத்தனை மணி நேரம்? ஒரு தளத்தில் 11,300 கி.மீ., 13 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. டிக்கெட்டில் நேரமெல்லாம் வேறு மாதிரி இருக்கிறது. வியாழன் இரவு அம்மா கிளம்புகிறார். ஒன்றும் புரியவில்லை.

கிவிபாண்டி: அந்த 13, தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்த கணக்கு. அப்படி நேராகப் பறக்கும் விமானமே கிடையாது. சிங்கப்பூருக்கு 4 மணி சொச்சம், அங்கிருந்து ஏறக்குறைய 10 மணி, நடுவில் காத்திருப்பு. சிட்னி வழியாகப் போட்டிருக்கலாமே?

சாம்பார்வடை: சிட்னி வழி என்றால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே ஆஸ்திரேலிய டிரான்சிட் விசா வேண்டும். கட்டணம் இல்லைதான், ஆனால் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இருப்பது ரெண்டு நாள், அவரைக் குழப்பாதீர்கள்.

பழையகுளிர்: இதற்கே பயமா? நான் 2011 ஜனவரியில் இங்கே கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கினேன். பெட்டியை முழுதாகப் பிரிக்கவில்லை, பிப்ரவரி 22 நிலநடுக்கம். அப்புறம் குளிர்காலம். வாடகை வீட்டில் ஒரே ஹீட்டர், சுவரெல்லாம் பூஞ்சை. யாரிடம் போய்ச் சொல்ல?

சாம்பார்வடை: பூஞ்சை அப்படியேதான் இருக்கிறது அண்ணே. வாடகைதான் ஏறிவிட்டது.

கிவிபாண்டி: கறிவேப்பிலை விலையைச் சொல்லட்டுமா?

ரெண்டுபிள்ளைஅம்மா: அதையெல்லாம் அப்புறம் பேசலாம். தங்கச்சி, அம்மா தனியாகவா வருகிறார்? ஒரே டிக்கெட்டா? நீ இருப்பது ஆக்லாந்தில்தானே?

நெல்லைப்பொண்ணு: தனியாகத்தான். தமிழ் மட்டும்தான் தெரியும், முழங்கால் வலி வேறு. சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று. அதுதான் மலிவாக இருந்தது. வெள்ளி இரவு 11 மணிக்கு ஆக்லாந்தில் இறங்குகிறார். நான் நியூசிலாந்தின் தெற்கே டனீடினில் இருக்கிறேன்.

ரெண்டுபிள்ளைஅம்மா: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! இப்போதே விமான நிறுவனத்துக்கு போன் போடு. பெட்டியை ஆக்லாந்து வரை டேக் போடுவார்களா என்று கேள். மாட்டோம் என்றால் அம்மா சிங்கப்பூருக்குள் நுழைந்து பெட்டியை எடுக்க வேண்டும், அதற்கு விசா வேண்டியிருக்கலாம். இல்லையென்றால் சென்னை கவுண்டரிலேயே நிறுத்திவிடலாம். அப்படியானால் கூடுதல் காசு போனாலும் ஒரே டிக்கெட்டாக மாற்றிவிடு. அதே போனில் வீல்சேரும் சொல்லிவை. ஆள் கூடவே வந்து அடுத்த கேட்டில் விடுவார்.

இரவு 11-க்கு மேல் டனீடினுக்கு விமானம் இருக்காது. நீ ஆக்லாந்துக்குப் போய் அழைத்துக்கொள், காலையில் சேர்ந்து கிளம்புங்கள். ஆக சென்னையில் ஏறியதிலிருந்து டனீடின் சேர 28 மணி நேரம் வைத்துக்கொள். இங்கே கடிகாரம் இந்தியாவைவிட இப்போது ஆறரை மணி (கோடையில் ஏழரை) முன்னால் ஓடுகிறது, டிக்கெட்டில் உன்னைக் குழப்பியது அதுதான்.

அம்மாவின் நியூசிலாந்து வருகை அறிவிப்புப் படிவத்தை நீயே ஆன்லைனில் நிரப்பு. பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பிருந்து முடியும், இலவசம். சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் அதில் சொல்லிவிடு. சொன்னால் அதிகபட்சம் தூக்கிப் போடுவார்கள், சொல்லாவிட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

நெல்லைப்பொண்ணு: போன் போட்டேன், மாற்றித் தருகிறார்களாம். அம்மா ஒரு கட்டு கறிவேப்பிலை எடுத்து வைத்திருக்கிறாராம் அக்கா.

ரெண்டுபிள்ளைஅம்மா: அதை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்.

கிவிபாண்டி: அய்யோ!