புகைப்பதை நிறுத்திய பின் ஏறும் எடை: வழி கேட்கிறேன்

வணக்கம். 18 ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 சிகரெட் புகைத்துவந்த நான், அதை முற்றிலும் நிறுத்தி 11 வாரங்கள் ஆகின்றன. இதற்குள் என் எடை 74 கிலோவிலிருந்து 79 கிலோவாக உயர்ந்துவிட்டது. வயது 41, உயரம் 170 செ.மீ. நீரிழிவோ தைராய்டு கோளாறோ இல்லை.

நிக்கோட்டின் பசியை அடக்குவதோடு, உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தையும் சற்றுக் கூட்டுகிறது என்பதால், அதை விட்டவர்களுக்கு முதல் சில மாதங்களில் எடை கூடுவது இயல்பே என்று மருத்துவர் விளக்கினார். புகையின் கேட்டோடு ஒப்பிட்டால் 5 கிலோ சிறிதுதான். ஆயினும் முன்பு இரண்டு முறை, எடை ஏறிய கவலையில்தான் மீண்டும் புகைக்கத் தொடங்கினேன். இம்முறை அப்படி நேரக் கூடாது.

2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கத்தை 8 வாரம் மென்றேன். அதுவரை 2 கிலோ மட்டுமே கூடியது, நிறுத்திய மூன்று வாரங்களில் மீதி 3 கிலோவும் ஏறியது. தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். இனிப்புப் பானங்களை விட்டுவிட்டேன். உணவைப் பாதியாகக் குறைத்த வாரத்தில் புகைக்கும் வேட்கை தாங்க முடியாத அளவுக்கு மிகுந்ததால் அம்முயற்சியைக் கைவிட்டேன். பகலில் பெரிய சிக்கல் இல்லை. இரவு உணவு முடிந்து, முன்பு சிகரெட் பற்றவைத்த அதே நேரத்தில், கையும் வாயும் சும்மா இருக்க மறுக்க, பசியே இல்லாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள், புகை வேட்கை மீண்டும் தலைதூக்காதபடி, இரவு நேரக் கொறிப்பை எவ்வாறு நிறுத்தினீர்கள்?